வீட்டை விட்டு வெளியே போகாத குரல்: ஹோம் அசிஸ்டண்டில் உள்ளூர்க் குரல் கட்டளையும் புதுப்பிப்புகளும்

விளக்கு ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. ‘அணை’ என்று சொன்னால் அந்தச் சொல் இணையம் வழியாக ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே எழுத்தாக மாறி, உத்தரவாகத் திரும்பி வந்த பிறகுதான் விளக்கு அணைகிறது. கடைகளில் கிடைக்கும் குரல் பெட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வேலை செய்கின்றன. குரல் பதிவை வெளியே அனுப்பாமல் கருவியிலேயே கையாளும் வசதி எக்கோ வரிசையில் சில மாடல்களுக்கு மட்டும் இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அமேசான் அதையும் எடுத்துவிட்டது. கருவியே முடங்கிப்போனதும் உண்டு: ரெவால்வ் என்ற ஸ்மார்ட் வீட்டு மையக் கருவி, 2016 மே மாதம் அதன் சர்வர் நிறுத்தப்பட்டதும் எதற்கும் உதவாத பெட்டியாகிவிட்டது. வாங்கியவர்களின் கையில் பொருள் இருந்தது, அதன் உயிர் வேறொருவர் கையில் இருந்தது.

திறந்த மூல மென்பொருளைக் கொண்டு இந்த வேலை முழுவதையும் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடலாம். ஆனால் சர்வர் வீட்டுக்குள் வந்தால் அதைப் பராமரிக்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. குரல் வசதியை நிறுவச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் ஏராளம். ஆறு மாதம் கழித்து, ஒரு புதுப்பிப்புக்குப் பின் அது வாய் திறக்காமல் போனால் எங்கே பார்ப்பது என்று சொல்பவை குறைவு. இரண்டையும் ஒன்றாகவே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் இங்கே நிறுவுவதற்கு எவ்வளவு இடமோ, புதுப்பிப்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு இடம் தருகிறேன்.

நாம் எடுத்துக்கொள்வது ஹோம் அசிஸ்டண்ட், வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் திறந்த மூல மென்பொருள். 2013இல் பாலஸ் ஸ்கௌட்சென் தொடங்கிய திட்டம் இது. 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. ஓப்பன்ஹாப் போன்ற வேறு நல்ல திட்டங்களும் உண்டு. குரல் விஷயத்தில் ஹோம் அசிஸ்டண்ட் 2023ஆம் ஆண்டையே ‘குரலின் ஆண்டு’ என்று அறிவித்து உழைத்ததால், புதியவர்களுக்கு அதுதான் எளிது.

எந்தக் கணினி

ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 என்ற கையளவுக் கணினி, ஹோம் அசிஸ்டண்டுக்கென்றே விற்கப்படும் ‘கிரீன்’ பெட்டி, பழைய மினி கணினி ஆகியவற்றில் எதுவும் வீட்டுக் கட்டுப்பாட்டுக்குப் போதும். குரலும் வேண்டுமென்றால் கணக்கு மாறுகிறது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள், ராஸ்பெர்ரி பை 4இல் ஒரு கட்டளையைப் புரிந்துகொள்ள 8 விநாடி வரை எடுக்கும். இன்டெல் மினி கணினியில் அதே வேலை ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். விளக்குக்காக 8 விநாடி காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது, எழுந்து போய் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். பழைய மினி கணினி ஒன்று சும்மா கிடந்தால், புதிதாக ராஸ்பெர்ரி பை வாங்குவதைவிட அதையே பயன்படுத்துங்கள். ஆனால் 32 பிட் கணினியாக இருக்கக் கூடாது. அவற்றுக்கான ஆதரவு 2025 டிசம்பர் பதிப்போடு முடிந்துவிட்டது.

சேமிப்புக்கு மெமரி கார்டை நம்ப வேண்டாம். ஹோம் அசிஸ்டண்ட் இடைவிடாமல் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். அதனால் கார்டு தேய்ந்து ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். எஸ்எஸ்டி என்ற சேமிப்பு வட்டு நல்லது. ரூட்டரோடு வைஃபையில் இணைக்காமல் கேபிளில் இணையுங்கள்.

நிறுவும்போது ‘ஹோம் அசிஸ்டண்ட் ஓஎஸ்’ என்ற முழு இயங்குதளத்தையே தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஓடும் வேறொரு இயங்குதளத்தின் மேல் நிறுவும் கன்டெய்னர் முறையும் உண்டு. அதில் ஆட்-ஆன் (ஹோம் அசிஸ்டண்டுக்குள்ளிருந்தே நிறுவும் துணை மென்பொருள்; 2026 முதல் ‘ஆப்ஸ்’ என்று பெயர்) வசதி கிடையாது, ஒவ்வொரு துணை மென்பொருளையும் நீங்களே தனித்தனியாக நிறுவிப் புதுப்பிக்க வேண்டும். அனுபவம் வந்தபின் வேண்டுமானால் அங்கே போகலாம்.

முதலில் கை, பிறகு வாய்

குரலைத் தொடுவதற்கு முன், திரையில் தட்டினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ரூட்டரில் வெளியிலிருந்து இணையம் வரும் கேபிளை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை ஓடட்டும். இப்போது வீட்டிலிருந்தபடியே ஹோம் அசிஸ்டண்ட் திரையில் ஒவ்வொரு விளக்கையும் பிளக்கையும் தட்டிப் பாருங்கள். எது அசையவில்லையோ அது உள்ளூர்க் கருவி இல்லை. குரலை எவ்வளவு உள்ளூராக்கினாலும் அந்தக் கருவி வெளியே போய்த்தான் திரும்பும். வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஹோம் அசிஸ்டண்டின் ஆவணத்தில் ஒவ்வொரு கருவி வகைக்கும் ‘லோக்கல் புஷ்’, ‘லோக்கல் போலிங்’, ‘கிளவுட் போலிங்’ என்று வகைப்பாடு எழுதியிருக்கும். லோக்கல் என்று தொடங்குவதை வாங்குங்கள். ஜிக்பி, இசட்-வேவ், மேட்டர் ஆகிய கருவி இணைப்பு முறைகளும், ஈஎஸ்பிஹோம் என்ற கருவி மென்பொருளும் உள்ளூரில் இயங்கக்கூடியவை.

அடுத்து, பெயர் சூட்டல். இதில் செலவிடும் ஒரு மணி நேரம் பின்னால் பல நாள் தொல்லையை மிச்சப்படுத்தும். எல்லாக் கருவிகளையும் அந்தந்த அறைக்குள் சேருங்கள். பெயர் குறுகியதாக, வீட்டில் எல்லோரும் வாயால் சொல்வதாக இருக்கட்டும். ‘ஸ்மார்ட் பல்ப் ஏ3’ என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. அறையைச் சரியாகச் சேர்த்துவிட்டால் இன்னொரு பலனும் உண்டு: படுக்கையறையில் இருக்கும் குரல் கருவியிடம் ‘விளக்குகளை அணை’ என்று மட்டும் சொன்னால், அது அந்த அறை விளக்குகளை மட்டும் அணைக்கும்.

குரல் கடந்துவரும் நான்கு கட்டங்கள்

நீங்கள் சொல்வது நான்கு கைகள் மாறிப் போகிறது. முதலில் எழுப்புச் சொல். ‘ஓகே நாபு’, ‘ஹே ஜார்விஸ்’ போன்ற சொற்களைக் கேட்டதும் கருவி விழிக்கிறது. இரண்டாவது, பேச்சு எழுத்தாகிறது. மூன்றாவது, அந்த எழுத்தில் என்ன கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளும் பகுதி. இதற்கு அசிஸ்ட் என்று பெயர். நான்காவது, பதில் வாக்கியம் குரலாகிறது, இதைச் செய்வது பைப்பர். நான்கும் தனித்தனி மென்பொருள்கள், தனித்தனி நேரத்தில் புதுப்பிக்கப்படுபவை. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பின்னால் வரும் பழுதுகளில் பாதி பயமுறுத்தாது.

இவற்றை இதே வரிசையில் அல்லாமல், மூன்றாவதில் தொடங்கி, எழுப்புச் சொல்லைக் கடைசியில் அமைப்பதுதான் புதியவருக்கு நல்லது.

முதலில் மூன்றாவது கட்டம். ஹோம் அசிஸ்டண்ட் திரையின் மேற்பகுதியில் இருக்கும் அசிஸ்ட் சின்னத்தைத் தொட்டு, கட்டளையைத் தட்டச்சு செய்யுங்கள். மைக் வேண்டாம், பேச வேண்டாம். எழுத்திலேயே புரியாத கட்டளை குரலில் ஒருநாளும் புரியாது.

எழுத்து வேலை செய்ததும், ஆட்-ஆன் பகுதியில் விஸ்பரையும் பைப்பரையும் நிறுவித் தொடங்குங்கள். முதல் முறை மாடலை, அதாவது அவை பயன்படுத்தும் பயிற்சி பெற்ற மொழிக் கோப்பை, பதிவிறக்குவதற்கு இணையம் வேண்டும், அதன்பின் வேண்டாம். தொடங்கியதும் ‘வயோமிங்’ என்ற இணைப்பு முறையின் பெயரில் அவை தாமாகவே கண்டறியப்பட்டிருக்கும். சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘வாய்ஸ் அசிஸ்டண்ட்ஸ்’ சென்று, ஒரு புதிய உதவியாளரை உருவாக்கி, பேச்சுக்கு விஸ்பரையும் பதில் குரலுக்குப் பைப்பரையும் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கைபேசி செயலியில் மைக் சின்னத்தைத் தொட்டுப் பேசிப் பாருங்கள். உலாவியில் முயன்றால் பாதுகாப்பான முகவரி, அதாவது எச்டிடிபிஎஸ், இல்லாவிட்டால் மைக் திறக்காது. அது உங்கள் அமைப்பின் கோளாறு இல்லை, உலாவியின் விதி.

கடைசியில்தான் அறையில் வைக்கும் குரல் கருவி. ஹோம் அசிஸ்டண்டின் பின்னணியில் உள்ள நாபு காசா நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘வாய்ஸ் பிரிவியூ எடிஷன்’ இதற்கென்றே செய்யப்பட்டது. அதிலுள்ள தனிச் சிப், அறையின் இரைச்சலையும் எதிரொலியையும் வடிகட்டுகிறது. பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச் மைக்குக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கிறது. எம்5ஸ்டாக்கின் ஆட்டம் எக்கோ போன்ற சின்னஞ்சிறு கருவிகளும் உண்டு. பழகிப் பார்க்க அவை போதும், ஆனால் சற்றுத் தள்ளி நின்று பேசினால் தடுமாறும்.

கருவி வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: எழுப்புச் சொல்லைக் கண்டுபிடிப்பது யார்? மைக்ரோவேக்வேர்டு என்ற முறையில் கருவியே கண்டுபிடிக்கிறது, அந்தச் சொல் கேட்கும்வரை ஒலி கருவியை விட்டு நகராது. ஓப்பன்வேக்வேர்டு முறையில் உங்கள் சர்வர் கண்டுபிடிக்கிறது, ஒலி வீட்டு வலையமைப்புக்குள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் வீட்டுக்குள்ளேதான் நடக்கின்றன. நான் முதலாவதையே விரும்புகிறேன். வைஃபைக்கும் சர்வருக்கும் சுமை குறைவு.

விஸ்பரா, ஸ்பீச்-டு-ஃபிரேஸா

2025 தொடக்கத்தில் வந்த ஸ்பீச்-டு-ஃபிரேஸ், நீங்கள் பேசும் எதையும் எழுத்தாக்க முயல்வதில்லை. உங்கள் வீட்டுக் கருவிகளின் பெயர்களை எடுத்துக்கொண்டு, சாத்தியமான கட்டளை வாக்கியங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் சொன்னது அவற்றில் எது என்று மட்டும் பார்க்கிறது. அதனால் ராஸ்பெர்ரி பை 4இலும் ஒரு விநாடிக்குள் பதில் கிடைக்கிறது. அது ஆதரிக்கும் மொழிகள் குறைவு. ‘கடைப் பட்டியலில் பால் சேர்’ போன்று விருப்பப்படி சொல் இட்டுச் சொல்லும் வாக்கியங்களுக்கும் அது ஏற்றதில்லை.

விஸ்பர், ஓப்பன்ஏஐ 2022இல் திறந்த மூலமாக வெளியிட்டது. தமிழ் உட்பட ஏறக்குறைய நூறு மொழிகளை அறியும். அதில் டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவுகள் உண்டு. ஆங்கிலத்தில் சிறிய மாடலே நன்றாக ஓடும். தமிழில் டைனியையும் பேஸையும் நம்பி ஏமாற வேண்டாம். ஸ்மாலில் தொடங்கி, கணினி தாங்கினால் மேலே போங்கள்.

மொழி குறித்து இன்னொன்றும் உண்டு. பேச்சை எழுத்தாக்கும் பகுதி, வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் பகுதி, பதில் சொல்லும் குரல் ஆகிய மூன்றுக்கும் உங்கள் மொழி தனித்தனியே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரிந்தால் மற்றவற்றுக்கும் தெரியும் என்று பொருளில்லை. உதவியாளரை உருவாக்கும் திரையில் ஒவ்வொரு பகுதிக்கும் மொழிப் பட்டியல் தனியாக வருகிறது. கருவி வாங்குவதற்கு முன்பே அந்தத் திரையைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கேட்காதபோது எங்கே பார்ப்பது

புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்து கைவிடுகிறார்கள். குரல் கட்டளை தோற்றதும் சத்தமாக, மெதுவாக, மறுபடியும் சொல்லிப் பார்ப்பதால் பயனில்லை. ‘வாய்ஸ் அசிஸ்டண்ட்ஸ்’ பக்கத்தில் உங்கள் உதவியாளருக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘டீபக்’ என்பதைத் திறங்கள். கடைசியாகச் சொன்ன கட்டளை, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன ஆயிற்று, எத்தனை விநாடி எடுத்தது என்பது அங்கே வரிசையாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் ‘படுக்கையறை விளக்கை அணை’ என்று சொன்னீர்கள். விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. டீபக் திரையில் பேச்சு-எழுத்துக் கட்டத்தில் ‘படுக்கை அறை விளக்கை அனை’ என்று இருக்கிறது. உங்கள் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது, மைக் சரி, வலையமைப்பு சரி. ஒரு இடைவெளியும் ஒரு ணகரமும் மாறியதால் அடுத்த கட்டம் வாக்கியத்தை அடையாளம் காணவில்லை. அசிஸ்ட் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது, ஊகிப்பது குறைவு. இதற்குத் தீர்வு இரண்டு. அறைக்கும் விளக்குக்கும் மாற்றுப் பெயர்கள், அதாவது ‘ஏலியஸ்’, சேர்க்கலாம்: ‘படுக்கை அறை’ என்று பிரித்தும் ஒன்று, ‘விளக்கை’ என்று உருபோடும் ஒன்று. வினைச்சொல்லே பிழையாகிறது என்றால், தானியங்கிச் செயல்களை அமைக்கும் ‘ஆட்டோமேஷன்’ பகுதியில் ‘சென்டென்ஸ்’ என்ற தூண்டுகோலை எடுத்து அந்த வாக்கியத்தை, பிழையோடு வருவதையும் சேர்த்து, அப்படியே எழுதிவிடலாம். உள்ளமைந்த வாக்கியங்களுக்கு முன்பாக இவையே ஒப்பிடப்படும்.

பேச்சு-எழுத்துக் கட்டம் சரியாக இருந்தும் ‘அப்படி ஒரு கருவி இல்லை’ என்று பதில் வந்தால், அந்தக் கருவி குரலுக்குத் திறந்துவிடப்படவில்லை. ‘எக்ஸ்போஸ்’ தாவலில் சேர்த்துவிடுங்கள்.

அந்தத் தாவலில் இருக்கும்போதே எதிர் வேலையையும் செய்யுங்கள். கதவுப் பூட்டு, வாகனக் கொட்டகைக் கதவு, அடுப்பு, ஹீட்டர் போன்றவை குரலுக்குத் திறந்திருக்கக் கூடாது. எழுப்புச் சொல் யார் சொன்னாலும் கருவி விழிக்கும். சன்னலுக்கு வெளியே நிற்பவர் சொன்னாலும், தொலைக்காட்சியில் யாரோ சொன்னாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாடலை இணைத்து இயல்பாக உரையாடவும் முடியும். ஒலாமா என்ற மென்பொருள் வழியாக அதையும் வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம், நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இணைத்தால் ‘உள்ளூரிலேயே கையாள முன்னுரிமை’ என்ற பொருளில் வரும் தெரிவை இயக்கி வையுங்கள். எளிய கட்டளைகள் அசிஸ்டிலேயே முடிந்துவிடும், மாடலிடம் போகாது.

சோதனை வாக்கியங்களை எழுதி வையுங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கியதும், புதுப்பிப்பைப் பற்றி யோசிக்கும் முன், ஒரு காகிதத்தில் எட்டுப் பத்து வாக்கியங்களை எழுதுங்கள். ஒரு தனி விளக்கு, ஓர் அறை முழுவதும், ஒரு கேள்வி, ஒரு டைமர், நீங்களே எழுதிய தூண்டுகோல் வாக்கியம் ஒன்று, மின்விசிறி ஓடும்போது அறையின் மறுகோடியிலிருந்து சொல்வது ஒன்று. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அடிக்கடி சொல்வது ஒன்றாவது அதில் இருக்கட்டும். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் இந்தப் பட்டியலைச் சொல்லிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. எது உடைந்தது என்று அன்றே தெரிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் குறை சொல்லித் தெரிந்தால், நடுவில் வந்த ஆறு புதுப்பிப்புகளில் எது காரணம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

புதுப்பிப்பு எப்போது, எப்படி

ஹோம் அசிஸ்டண்டின் மையப் பகுதியான கோர், மாதம் ஒருமுறை, பெரும்பாலும் முதல் புதன்கிழமை வெளிவருகிறது. 2025.10 என்றால் 2025 அக்டோபர் பதிப்பு. 2025.10.2 என்றால் அதன் இரண்டாவது திருத்தம். வெளிவந்த நாளிலேயே பாய வேண்டாம். ஒன்றிரண்டு திருத்தங்கள் வரட்டும், ஒன்றிரண்டு வாரம் போகட்டும். அதற்காக ஓராண்டு தள்ளிப்போடுவதும் தவறு. பழைய முறைகள் சில மாத அவகாசத்தோடு நீக்கப்படுகின்றன. பன்னிரண்டு பதிப்புகளை ஒரே தாவாகத் தாண்டினால் அத்தனை மாற்றங்களும் ஒரே மாலையில் தலையில் விழும்.

உள்ளூரில்தானே ஓடுகிறது, புதுப்பிக்காமலே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2023 மார்ச்சில் ஹோம் அசிஸ்டண்டில் ஆட்-ஆன்களையும் புதுப்பிப்புகளையும் நிர்வகிக்கும் சூப்பர்வைசர் பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே அதை எட்ட முடிந்தது. 2017 முதலே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. வெளியிலிருந்து எட்டும்படி அமைத்திருந்த வீடுகளுக்கு அது நேரடி ஆபத்து. அப்படிப்பட்ட பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே போட்டுவிட வேண்டும்.

புதுப்பிப்பதற்கு முன் காப்புப் பிரதி. 2025.1 பதிப்பு முதல் தானியங்கிக் காப்புப் பிரதி வசதி மேம்பட்டிருக்கிறது. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘பேக்கப்ஸ்’ என்று போய் தினமும் ஒன்று எடுக்கும்படி அமையுங்கள். அது அதே எஸ்எஸ்டியில் மட்டும் இருந்தால் பாதுகாப்பில்லை. வீட்டில் உள்ள வேறொரு சேமிப்பகத்துக்கும், முடிந்தால் வீட்டுக்கு வெளியே ஓரிடத்துக்கும் போகட்டும். பிரதிகள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அமைக்கும்போது தரப்படும் ‘எமர்ஜென்சி கிட்’ கோப்பில்தான் திறவுகோல் இருக்கிறது. அந்தக் கோப்பை ஹோம் அசிஸ்டண்ட் கணினியில் வைக்காதீர்கள். அச்செடுத்து முக்கியக் காகிதங்களோடு வையுங்கள்.

பிறகு வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து, முந்தைய பதிப்போடு ஒத்துப்போகாத மாற்றங்கள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள். உங்களிடம் இருக்கும் கருவிகளின் பெயர் அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘ரிப்பேர்ஸ்’ என்ற அறிவிப்பு இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். அடுத்த பதிப்புகளில் உடையப்போவதை அது முன்கூட்டியே சொல்கிறது.

இப்போது போடலாம், ஆனால் ஒவ்வொன்றாக. கோர், இயங்குதளம், விஸ்பர் ஆட்-ஆன், பைப்பர் ஆட்-ஆன், குரல் கருவியின் ஃபர்ம்வேர் (அதனுள் ஓடும் மென்பொருள்) எல்லாம் ஒரே பட்டியலில் வரிசையாக நின்று ‘எல்லாவற்றையும் புதுப்பி’ என்று ஆசைகாட்டும். ஒன்றைப் போட்டு, சோதனை வாக்கியங்களைச் சொல்லி, அடுத்ததற்குப் போங்கள். அசிஸ்ட் புரிந்துகொள்ளும் வாக்கியங்கள் கோருடன் சேர்ந்தே வருகின்றன. கோரைப் புதுப்பித்த பின் டீபக்கின் மூன்றாவது கட்டம் தவறினால் காரணம் அங்கே இருக்கிறது. எழுத்தே தப்பாக வந்தால் விஸ்பர். கருவி விழிக்கவே இல்லை என்றால் ஃபர்ம்வேர். விஸ்பரில் மாடல் பெயரை ‘ஆட்டோ’ என்று விடாமல் நீங்களே குறிப்பிட்டு வைத்தால், மாடல் மாறியதா என்ற சந்தேகமே வராது.

கோர் புதுப்பித்ததும் முதல் முறை தொடங்கச் சற்று நேரம் எடுக்கலாம். தரவுத்தளம் புதிய வடிவுக்கு மாறிக்கொண்டிருக்கும். திரை வரவில்லை என்று மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். குரல் கருவிக்கு ஃபர்ம்வேர் ஏறும்போதும் அப்படியே. அந்தக் கருவியை ஈஎஸ்பிஹோமில் ‘டேக் கன்ட்ரோல்’ பொத்தானால் உங்கள் கட்டுப்பாட்டுக்கு எடுத்து மாற்றங்கள் செய்திருந்தால், தயாரிப்பாளரின் புதுப்பிப்புகள் இனித் தாமாக வராது, நீங்களே தொகுத்து ஏற்ற வேண்டும். எதையும் மாற்றும் தேவை இல்லாதவர்கள் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எச்ஏசிஎஸ் என்ற, பயனர் சமூகம் எழுதிய கூடுதல் மென்பொருள்களின் களஞ்சியம் வழியாக நிறுவியவை தனி ரகம். அவற்றைக் கோர் குழு சோதிப்பதில்லை. புதுப்பிப்புக்குப் பின் அமைப்பு தடுமாறினால் முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான். ‘சேஃப் மோடு’ தெரிவோடு மறுதொடக்கம் செய்தால் அவை இல்லாமல் எல்லாம் எழும். அப்போது சரியாக ஓடினால் குற்றவாளி அங்கேதான்.

அப்படியும் சரியாகவில்லையா? கோரின் பிரச்சினை என்றால் புதுப்பிப்புக்கு முன் எடுத்த பிரதியிலிருந்து மீட்டெடுங்கள். இயங்குதளத்தின் பிரச்சினை என்றால் பதற வேண்டாம், ஹோம் அசிஸ்டண்ட் ஓஎஸ் பழைய பதிப்பை இன்னொரு பகுதியில் வைத்திருக்கிறது, புதியது எழாவிட்டால் பழையதற்குத் திரும்பும். எஸ்எஸ்டியே பழுதாகிவிட்டால் புதிய எஸ்எஸ்டியில் இயங்குதளத்தை எழுதித் தொடங்குங்கள். வரவேற்புத் திரையிலேயே காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுக்கும் தெரிவு இருக்கும். பிரதிக் கோப்பையும் திறவுகோலையும் கொடுத்தால் பெயர்கள், அறைகள், மாற்றுப் பெயர்கள், நீங்கள் எழுதிய வாக்கியங்கள் எல்லாம் திரும்பி வரும். உண்மையான பழுது வருவதற்கு முன், ஓய்வான ஒரு நாளில், வேறொரு எஸ்எஸ்டியில் இதை ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள்.